எந்தக் கன்னில் வழவழப்பு வரும்

பெயிண்ட் அடிக்கிற மூன்று மிஷின்களையும் மேஜைமேல் வரிசையாக எடுத்து வைத்துவிட்டு நசீர் பாய், "நிதானமாப் பாருங்கண்ணா, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொன்னதிலிருந்துதான் எனக்கு அவசரமாக இருக்கிறது. அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. கடையில் கூட்டமில்லை, காட்டூரில் இந்த நேரத்துக்குப் பாதிப் பேர் டீக்கடைப் பக்கம் போயிருப்பார்கள், ஃபேன் ஓடுகிறது, உட்கார நாற்காலி போட்டிருக்கிறார், ஆனால் நிதானமாகப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, புது மிஷின் எல்லாமே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், அடித்தால்தானே தெரியும். அடித்தால். வசந்தாமணி வேறு பக்கத்தில் நிற்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மிஷின் வாங்க அவள் என்னோடு வந்ததே கிடையாது, பட்டறைக்கு உப்புத்தாளும் மாஸ்கிங் டேப்பும் வாங்கக்கூட என்னைத்தான் அனுப்புவாள், இன்றைக்கு என்னவோ காலையிலேயே சேலை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து நின்றாள். எதுக்கு என்று கேட்டேன். "சும்மாத்தானுங்க" என்றாள். இருகூரிலிருந்து இங்கே வரும்வரை பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா வருகிற ஆள் இப்படி வாயை மூடிக்கொண்டு வருவாளா. இப்போதும் மிஷினைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறாள், நான் அவள் பக்கம் திரும்பினால் மிஷினைப் பார்க்கிறாள். எரிச்சலாக இருக்கிறது. மிஷினைப் பார் புள்ள, மிஷினைப் பார்க்கத்தானே வந்தோம்.

முதலாவது நான் இத்தனை காலமாக வைத்திருக்கிற வகைதான், கம்ப்ரஸர் காற்றில் ஓடுகிற கன், மேலே கப்பு, அதில் பெயிண்ட் ஊற்றினால் தானாக இறங்கும், காற்று அதை உடைத்துப் புகையாக்கித் தள்ளும். நன்றாகத்தான் உடைக்கும், அதில் குறை சொல்ல முடியாது, ஆனால் பாதி பெயிண்ட் பலகையில் விழும், பாதி என் புருவத்தில் விழும். இரண்டாவதற்கு டர்பைன் என்று பேர், வீடு கூட்டுகிற வாக்குவம் மிஷினைத் திருப்பி வைத்த மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து யானைத் துதிக்கை கணக்காக ஒரு ஹோஸ், காற்று நிறைய வரும் ஆனால் மெதுவாக வரும், பெயிண்ட் பறக்காது, அடிக்கிறவன் நெஞ்சுக்கு நல்லது என்கிறார் பாய். மூன்றாவது ஏர்லெஸ், அதில் காற்றே கிடையாது, பம்ப்பு பெயிண்டையே அழுத்தி ஊசிமுனை ஓட்டை வழியாகத் தள்ளும், காம்பவுண்டுச் சுவர், பெரிய கேட்டு என்றால் அரைநாள் வேலையை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடலாம், ஆனால் சமையலறைக் கதவுக்கு அது எதற்கு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறேன். நாஸில் எத்தனை சைஸ் வரும் பாய், கழுவறதுக்கு எவ்வளவு தின்னர் பிடிக்கும் பாய், ஊசி தேய்ஞ்சா இங்கயே கிடைக்குமா பாய். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறார், பொறுமையான மனுஷன், பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்புகிறது. பதில் சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறார். "பின்னாடி ரூம்ல பிரைமர் அடிச்ச பலகை வெச்சிருக்கேண்ணா. நீங்களே ஒரு கை பாத்துருங்க."

ஒரு கை பாத்துருங்க. எல்லோரும் சொல்கிற வார்த்தைதான், அவர் வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை, எனக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்கிறது. பார்க்கலாம் பார்க்கலாம், வாரண்டி எப்படி.

சூலூர் வேலை மட்டும் அப்படி ஆகாமல் இருந்திருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். சூலூரில் அந்த ராஜேஸ்வரி அம்மா, மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், மருமகள் வருவதற்குள் சமையலறையைப் புதுசாக்க வேண்டும் என்று கதவுகளையெல்லாம் கழற்றி அனுப்பினார்கள், பால் வெள்ளை, கண்ணாடி மாதிரி வேணும் என்றார்கள். பிரைமர் அடித்து, தேய்த்து, மறுபடி அடித்து, தேய்த்து, என்ன குறை வைத்தேன். கொண்டுபோய் மாட்டி முடித்தபோது அந்தம்மா கதவின்மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாக ஒரு தரம் தடவினார்கள். பிறகு இன்னொரு தரம். "தப்பா எடுத்துக்காதீங்க, ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்குதுங்களே" என்றார்கள். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க என்று சொல்லிவிட்டார்கள், அதற்கு என்ன பதில் பேசுவது. நான் குனிந்து பார்த்தேன். நல்ல பூச்சு என்றால் எதிரே எரிகிற டியூப் லைட் அதன்மேல் நூல் பிடித்த மாதிரி நேர்கோடாக விழ வேண்டும், அதுதான் கணக்கு, அதற்குமேல் பரீட்சை கிடையாது. அங்கே டியூப் லைட் தண்ணீருக்குள் விழுந்த மாதிரி நெளிந்து கிடந்தது. எல்லாக் கதவையும் திருப்பி எடுத்துவந்தேன். வண்டியில் ஏற்றும்போது அந்தம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். வெயில், தாகம், யாராக இருந்தாலும் அப்படித்தான் குடிப்பார்கள்.

தின்னர்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன், சிங்காநல்லூர் கடைக்காரனிடம் போய்ச் சத்தம் போட்டேன், கலப்படம் பண்ணித் தர்றியா என்று கேட்டேன், அவன் முகம் செத்துப்போயிற்று. தின்னரை மாற்றினேன். பிறகு கம்ப்ரஸரில் தண்ணீர் கோர்த்து வருகிறது என்று ஃபில்டர் மாற்றினேன். பிறகு மழைக்காற்று. பிறகு கன் பழசாகிவிட்டது, ஊசி தேய்ந்துவிட்டது, ஊசி தேய்ந்தால் ஒரே சீராக வராதுதானே, அது உலகத்துக்கே தெரிந்ததுதானே. கை என்று ஒன்று இருப்பதை நான் கடைசியில் வைத்தேன். கடைசியில்கூட இல்லை, வரிசையிலேயே சேர்க்கவில்லை. கைதான் காரணம் என்றால் அதற்கு முந்தின மாதம் பீளமேட்டில் போட்ட அலமாரி எப்படி நன்றாக வந்தது, அதற்கு முன்னால் அந்த டாக்டர் வீட்டுக் கதவுகள் எப்படி வந்தன, யாராவது ஒரு குறை சொன்னார்களா. அதெல்லாம் இதே கைதானே. கொஞ்சம் நடுங்குகிறது, சரி, இல்லை என்று சொல்லவில்லை, எனக்குள் சொல்லிக்கொள்வதற்கு என்ன, நடுங்குகிறது, சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது, எதையாவது பிடித்து நீட்டினால்தான், சாவியைத் துவாரத்தில் வைக்கும்போது, போனில் நம்பர் அழுத்தும்போது. சவரத்தை நானே பண்ணுவதை நிறுத்திவிட்டேன், பிளேடு சரியில்லை என்று வசந்தாமணியிடம் சொல்லிவிட்டு சலூனுக்குப் போகிறேன். ஐம்பதைத் தாண்டினால் யாருக்கு நடுங்கவில்லை. தூக்கம் இல்லாவிட்டால் நடுங்கும், காப்பி அதிகமானால் நடுங்கும், ஒருத்தர் உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றால் நடுங்கும்.

ரைஸ்மில் கிட்டுசாமி அண்ணனுக்கும் முதலில் கைதான். இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது, கடையில் நின்றுகொண்டு இது எதற்கு. ஆனால் வந்துவிட்டது. முதலில் கை, சீட்டுக்கட்டைக் கலைக்க முடியவில்லை என்று சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் கொடுப்பார், பிறகு நடை, ஏதோ அடி அளந்து வைப்பதுபோலச் சின்னச்சின்னதாக, பிறகு முகத்தில் சிரிப்பே வராமல் போயிற்று. போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், பந்தியில் அவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனில் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தான், சட்டையில் வழிந்ததை எதிர் வரிசையில் எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். இலையில் பாயசம் அப்படியே இருக்க எழுந்து கை கழுவப் போனேன். அன்று ராத்திரி படுக்கையில் கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தேன், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை, அது ஒரு நிம்மதியாக இருந்தது.

"அண்ணா, வாங்க, கரண்ட் இருக்கும்போதே பாத்துருவோம்" என்று நசீர் பாய் பின்னறைக் கதவைத் திறந்துவிட்டார். போய்த்தான் ஆக வேண்டும். "நீங்களே அடிச்சுக் காட்டுங்க பாய்" என்றேன். அவர் சிரித்தார். "நான் அடிச்சா கடைக்காரன் அடிச்ச மாதிரித்தான் இருக்கும். நாளைக்கு உங்க பட்டறையில நானா வந்து அடிக்கப் போறேன். பழகுன கை அடிச்சாத்தானே மிஷினோட நல்லது கெட்டது தெரியும்." நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுகிறவர்களை என்ன செய்வது. வசந்தாமணி எனக்கு முன்னால் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். சின்ன அறை, எக்ஸாஸ்ட் ஃபேன் இரைகிறது, சுவரெல்லாம் பல வருஷத்துப் பெயிண்ட் படிந்து மேகம் மேகமாக இருக்கிறது, நடுவில் ஒரு ஸ்டாண்டில் ஒரு முழ அகலத்துக்கு ஒரு பலகை, சாம்பல் பிரைமர். கறுப்புப் பெயிண்ட் கலக்கி வைத்திருக்கிறார். வெள்ளை கொஞ்சம் மன்னிக்கும், கறுப்பு எதையும் மன்னிக்காது.

ஒரு காலத்தில் கறுப்பு என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார்கள். ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கதவெல்லாம் அடர் பழுப்பு அடித்தேன், கிட்டத்தட்டக் கறுப்புதான், வேலை முடிந்து நான் சாமானை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு நர்ஸ் அவசரமாக வந்தவள் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, அதில் முகம் பார்த்து, நெற்றிப்பொட்டைச் சரிபண்ணிக்கொண்டு போனாள். கண்ணாடி என்று நினைத்தாளா, கதவு என்று தெரிந்தே பார்த்தாளா தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் சொன்னேன், அந்த நர்ஸு அழகா என்று கேட்டாள், கதவு அழகு என்றேன். அந்தக் கதவை அடித்த கன் ஓட்டை உடைசல், கம்ப்ரஸர் வாடகைக்கு எடுத்தது. அதை ஏன் இப்போது நினைக்கிறேன். ஓட்டைக் கன்னில் வந்தது புதுக் கன்னில் ஏன் வராது என்று நினைக்கிறேனா. வேண்டாம், இந்த யோசனை போகிற பக்கம் சரியில்லை.

முகமூடி மாட்டிக்கொண்டு முதல் கன்னை எடுத்தேன். கம்ப்ரஸர் கன். பிடி கையில் ஜில்லென்று இருந்தது. பலகைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து இடமிருந்து வலமாக, எப்போதும்போல விளிம்பைத் தாண்டி விரலை விடும்வரை ஒரு ஓட்டு, அதன் பாதியில் ஏற்றி அடுத்த ஓட்டு, உஸ்ஸென்று சத்தம், பெயிண்ட் வாசனை, இந்த வாசனையில்தான் என் பாதி ஆயுசு, கை தானாகப் போகிறது, பார் நன்றாகத்தான் போகிறது, இடதுபக்கம் எண்ணெய் மாதிரி விரிகிறது, யார் சொன்னது என்று மனசு துள்ளுகிறது, வலதுபக்கம் போகப் போக முழங்கை நிமிர்கிறது, அங்கே, நிமிர்கிற இடத்தில், கன்னின் மூக்கு மெல்ல ஆடுகிறது, கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம், நான் மூச்சைப் பிடிக்கிறேன், மூச்சைப் பிடித்தால் இன்னும் ஆடுகிறது. முடித்தேன். "பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தி வெச்சிருக்கீங்க பாய்" என்றேன். "இருக்கலாமுங்கண்ணா" என்று பலகையை எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே சுவரில் சாய்த்து வைத்தார். நான் அதைப் பார்க்கவில்லை. அடுத்தது டர்பைன், ஸ்விட்சைப் போட்டதும் மிக்ஸி மாதிரி அலறுகிறது, ஹோஸ் கனம் மணிக்கட்டை இழுக்கிறது, காற்று வெதுவெதுவென்று வருகிறது, பலகையில் விழுவதற்குள் பெயிண்ட் பாதி காய்ந்துவிடும் போலிருக்கிறது, அதைச் சொன்னேன், சூட்டுக்காத்து பாய், விரியறதுக்குள்ள உலந்துருது. "ஆமாங்கண்ணா, அதுக்கு லேட்டாக் காயற தின்னர் போட்டுக்கணும்." இரண்டாவது பலகையும் சுவருக்குப் போயிற்று. ஏர்லெஸ்ஸில் குதிரையைத் தொட்ட மாதிரி ஒரு உதை, பெயிண்ட் புகையாக வரவில்லை, விசிறியாகக் கொட்டுகிறது, கெட்டியாக விழுந்து கீழ் விளிம்பில் சொட்டுச் சொட்டாகத் தொங்குகிறது. "இது நம்ம வேலைக்கு ஆகாது" என்றேன். இதைச் சொல்லும்போது குரலில் ஒரு தைரியம் வந்தது, இதற்கு உண்மையிலேயே காரணம் மிஷின்தான்.

மூன்று பலகையும் பக்கத்தில் பக்கத்தில் சாய்ந்து நிற்கின்றன. மேலே ஒரே டியூப் லைட். இனிமேல் பார்க்காமல் இருக்க முடியாது. முதல் பலகையில் வெளிச்சக் கோடு இடது விளிம்பில் புறப்பட்டு நேராக வருகிறது, பாதியைத் தாண்டி, வலதுபக்கம் போகும் இடத்தில் நெளிகிறது. இரண்டாவதில் பூச்சு சொரசொரப்பு, கோடு மங்கல், ஆனாலும் பாதியைத் தாண்டி அதே இடத்தில் நெளிகிறது. மூன்றாவதில் பெயிண்ட் கெட்டி, கோடு அகலம், நெளிவது அதே இடம். மூன்று மிஷின், மூன்று விதமான காற்று, ஒன்றில் காற்றே இல்லை, மூக்கு வேறு, அழுத்தம் வேறு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. மூன்றுக்கும் பொதுவாக இந்த அறையில் என்ன இருந்தது. நான் அந்தக் கணக்கைப் போடாமல் இருப்பதற்குத்தான் இத்தனை நாளாகத் தின்னரையும் ஃபில்டரையும் மாற்றிக்கொண்டிருந்தேன், இப்போது ஒரு ஆள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பலகையில் எழுதிக் காட்டின மாதிரி இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் தூரத்தில் எங்கோ போயிற்று.

நசீர் பாயும் பார்த்தார். தொழில் தெரிந்த மனுஷன், பார்க்காமல் இருப்பாரா. பிறகு, "இன்னிக்கு வோல்டேஜ் சரியில்லீங்கண்ணா. மத்தியானத்துல இந்த லைன்ல எப்பவும் இப்படித்தான்" என்றார். அவருக்குப் பின்னால் ஸ்டெபிலைசரில் சிவப்பு எண் இருநூற்று முப்பது என்று ஆடாமல் அசையாமல் எரிகிறது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். எனக்காக ஒரு வெளியாள் பொய் சொல்கிறார், இரக்கப்பட்டுச் சொல்கிறார், கிட்டுசாமி அண்ணன் சட்டையைப் பந்தியில் பார்க்காத மாதிரி பார்த்தோமே, அதே பார்வை. தாங்க முடியவில்லை. கோபமா, வெட்கமா தெரியவில்லை, முகமூடியை இழுத்துக் கழற்றினேன், வாய் தானாகப் பேசுகிறது.

"வோல்டேஜ் நல்லாத்தான் இருக்குது பாய். மிஷினும் நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் கை நடுங்குது."

சொல்லிவிட்டேன். இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எத்தனை ராத்திரி பயந்தேன், இப்போது ஒன்றும் ஆகவில்லை, ஃபேன் ஓடுகிறது, மூன்றாவது பலகையிலிருந்து ஒரு சொட்டு கீழே விழுந்தது. நசீர் பாய் துணியை எடுத்துக் கன்னைத் துடைக்க ஆரம்பித்தார். வசந்தாமணி சுவரோரத்திலிருந்து, என்னிடம் இல்லை, அவரிடம் சொன்னாள். "போன வருஷம் ஆடி மாசத்துல இருந்துங்க."

திரும்பிப் பார்த்தேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்னங்க. ஆடியில இருந்து உங்களுக்குக் காப்பி முக்கா டம்ளர்தான் ஊத்தறேன். சிந்தாம இருக்கட்டும்னு."

எனக்குத் தெரியவே இல்லை. தினம் குடித்திருக்கிறேன், டம்ளருக்குள் பார்க்கவில்லை. "அப்ப பீளமேட்டு அலமாரி?" என்று கேட்டேன், எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை, ஏதோ ஒன்றாவது என்னுடையதாக மிஞ்சட்டும் என்று இருக்கும். அவள் சொன்னாள். "நீங்க அடிச்சு வெச்சிட்டு அடுத்த நாள் சாமான் வாங்கப் போனீங்கல்ல, அப்ப ரெண்டாயிரம் நம்பர் உப்புத்தாளுல தண்ணி போட்டுத் தேச்சு, காம்பவுண்டுப் பசை வெச்சுப் பாலிஷ் போட்டு விட்டேனுங்க. டாக்டர் வீட்டுக் கதவுக்கும் அப்படித்தான். சூலூர் வேலையப்பத்தான் தாராபுரத்துல அக்கா ஆபரேசனுக்குப் போயிட்டேன்." சூலூர் மட்டும் ஏன் கெட்டது என்பதற்கு நான் மழைக்காற்றைச் சொல்லியிருந்தேன். தாராபுரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கோபம் வந்தது. நன்றி வரவில்லை, அது அப்புறம் வருமோ என்னவோ, முதலில் வந்தது கோபம்தான். என்னைப் பொம்மையாக்கி வைத்திருந்திருக்கிறாள். நான் தின்னர்க்காரனிடம் சண்டைக்குப் போனபோது தடுத்திருக்கலாம், ஃபில்டர் மாற்றினபோது சொல்லியிருக்கலாம், நான் கம்ப்ரஸரைக் காலால் எட்டி உதைத்தபோது அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒன்றும் தெரியாதவள் மாதிரி உப்புத்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். என் வேலையைப் பார்த்து நானே மார்தட்டிக்கொண்டேன், பார் புள்ள இந்த அலமாரியை என்று அவளிடமே காட்டினேன், ஆமாங்க நல்லா வந்திருக்குது என்று அவளும் தலையாட்டினாள். "ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?" குரல் உயர்ந்துவிட்டது, கடை என்பதுகூட மறந்துவிட்டது.

"சொன்னா கன்னைக் கீழ வெச்சிருவீங்க" என்றாள். "வெச்சீங்கன்னா அப்புறம் எடுக்கவே மாட்டீங்க. உங்களை எனக்குத் தெரியாதுங்களா." பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றாள். "கிட்டுசாமி அண்ணனை நானும்தானே பாத்தேன்."

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து அவள் என்னைப் பார்க்கிறாள் என்று எரிச்சல்பட்டேனே தவிர நான் அவளைப் பார்க்கவில்லை. ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, ஒரே சட்டையைப் பார்த்து, ஒரே படுக்கையில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து, தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். என்ன பிழைப்பு இது. என் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. "வியாழக்கிழமைக்கு நரம்பு டாக்டருகிட்டப் பேர் குடுத்திருக்கேனுங்க" என்றாள் மெதுவாக. என்னைக் கேட்காமல் என்று ஆரம்பித்தேன், கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரிந்ததால் பாதியில் விட்டுவிட்டேன். நசீர் பாய் துடைத்த கன்னையே மறுபடி துடைத்துக்கொண்டு, "எங்க மாமாவுக்குக்கூட இருந்துச்சுங்கண்ணா, வெறும் நடுக்கம்தான், வேற ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. காட்டினாத்தான் தெரியும்" என்றார். உண்மையோ, வோல்டேஜ் மாதிரியோ. எதுவாக இருந்தாலும் வியாழக்கிழமை தெரிந்துவிடும்.

போகலாம் என்று நான் வாசல் பக்கம் திரும்பினேன். மிஷின் வாங்க வந்தவன் மிஷின் இல்லாமல் போவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அவள் நகரவில்லை. அந்த மூன்று மிஷின்களையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "ஏனுங் பாய், இதுல எனக்கு எது தோதுப்படுமுங்க?" என்று கேட்டாள்.

எனக்கு. அந்த ஒரு வார்த்தை உள்ளே போய் எங்கோ இடித்தது. சூலூர் அம்மாவின் கதவுகள் பட்டறையில் சாய்ந்து நிற்கின்றன, கல்யாணம் நெருங்குகிறது, யாராவது அடித்துத்தான் ஆக வேண்டும், அது எனக்கும் தெரியும், ஆனால் அந்த யாராவது என்கிற இடத்தில் நான் இல்லாமல் இன்னொரு ஆள் நிற்பதை, அதுவும் என் பக்கத்திலேயே நின்று தேய்த்துக்கொடுத்தவள் நிற்பதை, நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நசீர் பாய் டர்பைனைக் காட்டினார். "இது எடுங்கக்கா. புதுசாப் பழகறவங்களுக்கு நல்லது, பெயிண்டும் பறக்காது." அவள் அதைத் தூக்கிப் பார்த்தாள். அந்தத் துதிக்கை ஹோஸ் கனத்தில் மணிக்கட்டு கீழே வளைந்தது, அவள் அதைச் சமாளிக்க இன்னொரு கையைக் கொடுத்தாள். வேண்டாம் என்று எனக்குள் ஒருவன் சொன்னான். கம்ப்ரஸர் கன்னை எடுத்தாள், நிறைய ஊற்றின கப்பு தலைகனத்து முன்னால் சாய்ந்தது. அதுவும் வேண்டாம். இத்தனை நேரம் மூன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒன்றும் முடிவுக்கு வராத மனசு இப்போது ஒரு தயக்கமும் இல்லாமல் வேலை செய்தது. அவள் உள்ளங்கை அகலம் எனக்குத் தெரியும், விரல் எவ்வளவு எட்டும் என்று தெரியும், எந்தக் கனத்தில் அவள் தோள் நோகும் என்று தெரியும்.

"டர்பைன் வேண்டாம் பாய்" என்றேன். "காருல கீறல் விழுந்த இடத்துக்கு மட்டும் டச்சப்பு பண்ணப் பிடிப்பாங்கல்ல, சின்னக் கப்பு கன், அது இருந்தா எடுங்க. நம்ம கம்ப்ரஸரே போதும் அதுக்கு."

"சின்னக் கப்புன்னா ஒரு கதவு முடியறதுக்குள்ள ரெண்டு மூணு தடவை ஊத்தணுமேண்ணா."

"ஊத்தித் தர நான் இருக்கேன்."

அவர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், டார்ச் லைட் அளவுக்கு ஒரு கன். நாலாவது பலகையை ஸ்டாண்டில் வைத்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகமூடி மாட்டி, பலகைக்கு முன்னால் போய் நின்றாள். முதல் ஓட்டிலேயே நடுவில் ஒரு நொடி நின்றுவிட்டாள், நின்ற இடத்தில் பெயிண்ட் திரண்டு கண்ணீர் மாதிரி கீழே இறங்கியது. "நிக்காத புள்ள, நின்னா ஒழுகும்" என்றேன். அடுத்ததிலும் நின்றாள். "நிக்காதேன்னு சொல்றேன்ல" என்று நான் பக்கத்தில் போய் விரலை நீட்டிக் காட்டினேன், நீட்டின விரல் அவள் கண்ணுக்கு முன்னால், பாய் கண்ணுக்கு முன்னால் ஆடியது, மடக்கலாமா என்று தோன்றியது, மடக்கினால் எங்கே காட்டுவது, அப்படியே வைத்திருந்தேன். "கையை மட்டும் ஓட்டாத, தோளோட போ. இந்தா, இங்கிருந்து அந்தக் கோடி வரைக்கும்."

அவள் முகமூடிக்குள்ளிருந்து, "நீங்க கத்தினா கை நின்னு போகுதுங்க" என்றாள். நசீர் பாய் சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கத்தல. போ."

போனாள். பாதியைத் தாண்டினாள், நிற்கவில்லை, வலதுபக்கம் போகும்போது இடுப்பும் சேர்ந்து திரும்பியது. பலகையின் விளிம்பு வந்தது. புதுசாக அடிக்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் விரலை எடுப்பார்கள், எடுத்ததும் ஓரத்தில் பெயிண்ட் திட்டாகக் கட்டிக்கொள்ளும். அவள் எடுக்கவில்லை. விளிம்பைத் தாண்டி, ஒன்றும் இல்லாத இடத்துக்குக் கொஞ்ச தூரம் கையைக் கொண்டுபோய், வெறும் காற்றில் அடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் விரலை விட்டாள். அதை நான் இன்னும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.